கணிப்பொறிக்கு விதி கூறும் முறை

பிழைப்பை நாடி வேற்று மாநிலம் சென்ற தமிழருள் நாலு குடும்பங்கள் ஓரிடத்தில் நிலைத்துவிட்டால், அங்கே ஒரு சங்கமும், அச்சங்கத்தில் ஓர் அலமாரி நிறையத் தமிழ் நூல்களும் விரைவில் தோன்றிவிடும். விடுமுறைக்கு ஊர் சென்று திரும்புவோர் பெட்டியில் சுமந்து வந்த நூல்கள் அவை. ஒன்று தொலைந்தால் உள்ளூர்க் கடைத்தெருவில் வேறொன்று வாங்குவது அரிது. ஆகவே, நூலை யார் எடுத்தார், எப்போது திருப்பினார் என்னும் கணக்கு இன்றியமையாதது.

புனே நகரில் அத்தகைய சிறு நூலகம் ஒன்றின் கணக்கைச் சில காலம் நான் கவனித்து வந்தேன். அதை நோட்டுப் புத்தகத்திலிருந்து கைப்பேசிக்கு மாற்ற விரும்பினேன். கணிப்பொறி மொழி அறியாதாரும் செயலி அமைப்பதற்கு இன்று கருவிகள் பல உள்ளன. 2020-ஆம் ஆண்டில் கூகுள் நிறுவனம் வாங்கிய ஆப்ஷீட் அவற்றுள் ஒன்று. கட்டமிட்ட கணக்குத்தாளை அதனிடம் கொடுத்தால், அதைக் கொண்டே செயலி ஒன்றை அமைத்துத் தரும். ஆயினும் நம் நூலகத்தின் விதியை அது அறியாது. அதை நாமே எழுதிக் கொடுத்தல் வேண்டும். அவ்வாறு எழுதும் தொடருக்குக் கோவை என்று பெயர். பள்ளியில் பயின்ற இயற்கணிதக் கோவைக்கு இது உறவு. 1979-இல் வெளிவந்த விசிகால்க் என்னும் மென்பொருள் கட்டத்துள் சூத்திரம் இடும் வழக்கத்தைப் பரப்பியது. அவ்வழக்கத்தின் வழிவந்ததே இதுவும்.

எங்கள் விதி எளியது. நூலை 14 நாட்கள் வைத்திருக்கலாம். அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு நாளுக்கும் ஒரு ரூபாய் கட்டணம். இன்றைய நாளிலிருந்து கொடுத்த நாளைக் கழித்தால் போதும் என்று எண்ணினேன். முதல் தடை உடனே தோன்றியது. ஒரு நாளிலிருந்து மற்றொரு நாளைக் கழித்தால் ஆப்ஷீட் தருவது நாட்களின் எண்ணிக்கையன்று, கால அளவு. 14 நாட்கள் என்பது அதற்கு 336 மணி. ஆகவே மணியைப் பிரித்தெடுத்து 24-ஆல் வகுக்க வேண்டும். அதைத் திருத்தியதும், வேலை முடிந்ததென்று மகிழ்ந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் என்னருகே வந்தார். “தம்பி, அந்தப் புத்தகத்தை ஒன்பதாம் நாளே கொடுத்துவிட்டேனே! நாற்பது ரூபாய் பாக்கி என்று காட்டுகிறதே?” என்று தாழ்ந்த குரலில் கேட்டார். பணம் அவருக்குப் பொருட்டன்று. அனைவரும் பார்க்கும் பட்டியலில் கடனாளியாக நின்றதே அவரை வருத்தியது. கருவி பிழை செய்யவில்லை. நூல் திரும்பிய பின்னும் நாளை எண்ணிக்கொண்டேயிருக்குமாறு நான்தான் எழுதியிருந்தேன்.

நோட்டுப் புத்தகத்தில் ‘திருப்பிய நாள்’ என்ற இடம் வெறுமையாயிருந்தால், நூல் இன்னும் வரவில்லை என்பதை நாம் சொல்லாமலே உணர்கிறோம். கருவிக்கு அவ்வுணர்வு இல்லை. வெற்றிடத்திற்கும் நாம் விதி கூறியாக வேண்டும். எனவே, விதியை முதலில் தமிழிலே முழு வாக்கியமாக எழுதினேன்: “திருப்பிய நாள் வெறுமையாயின் இன்று வரை எண்ணுக, அன்றெனில் திருப்பிய நாள் வரை எண்ணுக.” பின்னர் அதை மூன்று கோவைகளாகப் பிரித்தேன். செயலியுள் ஆங்கில எழுத்தில் இடவேண்டிய சொற்களை இங்கே ஒலிப்பு முறையில் தருகிறேன்.

முதலாவது, முடிவு நாள்:
இஃப்(ஐஸ்பிளாங்க்([திருப்பிய நாள்]), டுடே(), [திருப்பிய நாள்])

இரண்டாவது, வைத்திருந்த நாட்கள்:
ஹவர்([முடிவு நாள்] - [கொடுத்த நாள்]) / 24

மூன்றாவது, கட்டணம்:
இஃப்([வைத்திருந்த நாட்கள்] > 14, [வைத்திருந்த நாட்கள்] - 14, 0)

சதுர அடைப்புக்குள் இருப்பவை நெடுவரிசைகளின் பெயர்கள். ‘இஃப்’ என்பது மூன்று உறுப்புகளைக் கேட்கும்: நிபந்தனை, அது மெய்யானால் வரும் விடை, பொய்யானால் வரும் விடை. இம்மூன்று கோவைகளையும் ஒரே தொடராகப் பின்னிவிடலாம். ஆனால் பிழை நேரும்போது அது எவ்விடத்தில் உள்ளதெனக் காண்பது கடினம். தனித்தனியே மெய்நிகர் நெடுவரிசைகளாக அமைத்தால், ஒவ்வொரு படியின் விடையும் கண்முன் நிற்கும். அவ்விடைகள் மூலத்தாளில் எழுதப்படாமல் செயலிக்குள்ளேயே கணக்கிடப்படும்.

கோவை எழுதும் சாளரத்தில் பச்சைக் குறி தோன்றினால் மகிழ்ந்துவிடலாகாது. தொடர் இலக்கணப்படி அமைந்துள்ளது என்பதே அதன் பொருள்; நம் கருத்து சரியென்று அது சான்று தரவில்லை. அங்கேயே சோதனை செய்யும் வசதியும் உண்டு. அது வரிசைதோறும் விடையைக் காட்டும். ஒன்பதாம் நாள் திரும்பிய நூல், சரியாகப் பதினான்காம் நாள் திரும்பியது, பதினைந்தாம் நாள் திரும்பியது, இன்னும் திரும்பாதது ஆகிய நான்கையும் வைத்துப் பாருங்கள். முதல் இரண்டுக்கும் விடை 0, மூன்றாவதற்கு 1, நான்காவது நாளுக்கு நாள் மாறும். இவ்விடைகளை முன்னரே தாளில் எழுதி வைத்துக்கொண்டு ஒப்பிடுதல் நன்று.

சங்கங்களில் செயலாளர் மாறுவது இயல்பு. அடுத்து வருபவர் நம்மைத் தேடி வந்து கேட்கும் நிலை ஏற்படலாகாது. ஆகவே, தமிழில் எழுதிய அவ்விதி வாக்கியத்தைக் கணக்குத்தாளின் தலைப்பிலேயே சேர்த்து வைத்தேன். அந்தப் பெரியவரின் பெயருக்கு நேரே இருந்த நாற்பது, அன்று மாலையே பூச்சியமாயிற்று. அடுத்த ஞாயிறு அவர் இரண்டு நூல்களை எடுத்துச் சென்றார்.