பாலைவனத்தில் ஒரு பேட்டரிக் கணக்கு

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் குவார்ட்ஸைட் என்று ஒரு சிற்றூர். அதையொட்டிய பாலைவனத்தில், செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை, நீண்ட நாள் தங்க விரும்புகிறவர்களுக்கு அந்நாட்டின் நில மேலாண்மைத் துறை இடம் ஒதுக்கியிருக்கிறது. குளிர்காலம் வந்தால் காருக்குப் பின்னால் இழுத்து வந்த டிரெய்லர் வீடுகள் அங்கே நிறைந்துவிடும். தங்கும் இடத்தில் கரன்ட் இணைப்பு கிடையாது. டிரெய்லரின் முன்பக்கத்தில் இருக்கும் 12 வோல்ட் பேட்டரிதான் எல்லாவற்றுக்கும்.

நம் வீடுகளில் மின்வெட்டுக்காக வைத்திருக்கும் இன்வெர்ட்டர் பேட்டரியைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அதன்மேல் 150 ஏ.எச். என்று எழுதியிருக்கும். 1 ஆம்பியர் மின்சாரம் 1 மணி நேரம் ஓடினால் 1 ஏ.எச். சிறிய டிரெய்லரில் இருப்பது பெரும்பாலும் 80 ஏ.எச். அளவிலான ஈய-அமில பேட்டரி. இவ்வகை பேட்டரியை அடிக்கடி பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் குறைந்துகொண்டே போகும். ஆகவே கையில் இருப்பது 40 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த 40 எங்கே போகிறது? விளக்கு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். எல்.இ.டி. விளக்கு ஒன்று 0.2 ஆம்பியர்தான் எடுக்கும். மாலை முழுக்க எரிந்தாலும் 1 ஏ.எச். தண்ணீர் பம்ப் ஓடும்போது 5 ஆம்பியருக்கு மேல் இழுத்தாலும், ஒரு நாளில் அது ஓடுவது சில நிமிடங்களே.

உண்மையான செலவாளி இரவுக் குளிருக்குப் போடும் ஹீட்டர். அது கேஸில்தானே எரிகிறது என்று கேட்கலாம். தீ கேஸில்; வெப்பக்காற்றை வீட்டுக்குள் தள்ளும் ஃபேன் பேட்டரியில். ஓரளவு பெரிய ஹீட்டரின் ஃபேன் சுமார் 7 ஆம்பியர் எடுக்கும். பத்து மணி நேர இரவில் மூன்றில் ஒரு பங்கு நேரம் ஓடினாலே 23 ஏ.எச். போய்விடும். விடியும்போது நம் 40-இல் பாதிக்கு மேல் இல்லை.

தெர்மோஸ்டாட்டைக் குறைத்து, கனமான ரஜாய் போர்த்திக்கொள்வதைவிட மலிவான வழி எனக்குத் தெரிந்து இல்லை. ஃபேன் இல்லாத கேஸ் ஹீட்டர்களும் உண்டு. ஆனால் அவற்றின் புகை வீட்டுக்குள்ளேயே வருவதால் கார்பன் மோனாக்சைடு ஆபத்து இருக்கிறது. ஜன்னலைச் சற்றுத் திறந்துவைத்து, அபாயமணி வேலை செய்வதை உறுதிப்படுத்திக்கொண்டு, விழித்திருக்கும் நேரத்தில் மட்டுமே போட வேண்டும். தூங்கும்போது வேண்டவே வேண்டாம்.

அடுத்தது இன்வெர்ட்டர். 1000 வாட் காபி மெஷினை அதில் மாட்டினால், 12 வோல்ட் பக்கம் 90 ஆம்பியருக்கு மேல் ஓடும். பத்து நிமிடக் காபிக்கு 15 ஏ.எச்.! அதே தண்ணீரை கேஸ் அடுப்பில் கொதிக்கவைத்துத் தூளில் ஊற்றினால் பேட்டரிச் செலவே இல்லை. எதையாவது சூடாக்க வேண்டுமென்றால் அதை கேஸுக்குத் தள்ளிவிடுங்கள். ஃப்ரிட்ஜும் அப்படித்தான். கேஸ், பேட்டரி இரண்டிலும் ஓடும் வகை என்றால் கேஸிலேயே வையுங்கள். பேட்டரிக்கு மாற்றினால் 10 ஆம்பியருக்கு மேல் விடாமல் இழுத்து, சில மணி நேரத்தில் காலி செய்துவிடும். புதிய டிரெய்லர்களில் வரும் கம்ப்ரசர் ஃப்ரிட்ஜுக்கு கேஸ் வழியே கிடையாது. அதற்கு ஒற்றை ஈய பேட்டரி போதாது.

மிச்சம் எவ்வளவு என்று எப்படி அறிவது? ஓய்வில் இருக்கும் ஈய பேட்டரி 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நிறைவு, 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. ஏதாவது ஓடும்போதோ சார்ஜ் ஏறும்போதோ பார்த்தால் எண் ஏமாற்றும். உள்ளே போகும், வெளியே வரும் ஆம்பியரைக் கூட்டிக் கழித்துக் காட்டும் மானிட்டர் ஒன்றை நெகட்டிவ் கேபிளில் பொருத்துவது நல்லது. இன்னொரு பேட்டரி வாங்குவதற்கு முன் இதை வாங்குங்கள்.

திரும்ப நிரப்புவதில் சூரியன்தான் துணை. ஆனால் டிசம்பர் நண்பகலில் குவார்ட்ஸைட்டில் சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 33 டிகிரி உயரத்துக்குத்தான் ஏறும். 100 வாட் சோலார் பேனலை அதை நோக்கிச் சாய்த்து வைத்தால் நல்ல வெயில் நாளில் சுமார் 30 ஏ.எச். வரலாம், கூரைமேல் படுக்கவைத்தால் அதில் பாதியோ, சற்று கூடுதலோ. ஜெனரேட்டர் இருந்தால் காலையிலேயே போடுங்கள். இறங்கியிருக்கும் ஈய பேட்டரி அப்போது வேகமாக ஏற்றுக்கொள்ளும். 80 சதவீதத்தைத் தாண்டினால் மந்தமாகிவிடும். அந்தக் கடைசிப் பகுதியை வெயிலுக்கு விட்டுவிடலாம். ஆனால் விட்டேவிடக் கூடாது: நாள்கணக்கில் முழுதாக நிறையாத ஈயத் தகடுகளில் சல்ஃபேட் படிந்து இறுகும்.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் கொள்ளளவின் பெரும்பகுதியைத் தயங்காமல் பயன்படுத்தலாம், எடையும் ஏறக்குறைய பாதிதான். விலை அதிகம். அதன் வோல்ட் பெரும்பாலும் 13-ஐ ஒட்டியே நிற்பதால் மானிட்டர் இல்லாமல் மிச்சத்தை அறிய முடியாது. 0 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அதற்குச் சார்ஜ் ஏற்றினால் உள்ளே சேதமாகும். ஃபிளாக்ஸ்டாஃப் போன்ற 2,100 மீட்டர் உயரத்து ஊர்ப் பக்கம் போகிறவர்கள் பேட்டரியை வீட்டுக்குள் வைப்பதே சரி.

எதை வாங்குவதற்கு முன்னும், டிரெய்லர் உங்கள் வீட்டு வாசலில் நிற்கும்போதே ஒரு குளிர் இரவில் கரன்ட் ஒயரைக் கழற்றிவிட்டு அதில் தூங்கிப் பாருங்கள். காலையில் மானிட்டர் காட்டும் எண்ணை வைத்துத்தான் எத்தனை பேனல், எத்தனை பேட்டரி என்று கணக்குப் போட வேண்டும்.