மின்னணுவும் மருத்துவமும்: நம் பிள்ளைகளுக்கு ஒரு படிப்பு

இரண்டாம் பி.யூ.சி. தேர்வு நெருங்கிவிட்டால் மைசூரில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் ஒரே பேச்சுத்தான். பிள்ளைக்கு டாக்டர் இடம் கிட்டுமா? கிட்டாவிடில் என் செய்வது? பௌதிகம், ரசாயனம், கணிதம், உயிரியல் ஆகிய நான்கையும் இரண்டாண்டுக் காலம் ஒருங்கே சுமந்த பிள்ளை, நீட் தேர்வில் சில மதிப்பெண்கள் குறைந்து மனம் சோர்ந்து நிற்கும் வேளையில், ‘பயோமெடிக்கல் என்ஜினீயரிங்’ என்னும் பெயர் பெற்றோர் காதில் விழுகின்றது. இதுவும் மருத்துவந்தானே என்று ஆறுதல் கொள்கின்றனர். அவ்வாறுதல் எம்மட்டில் தகும் என்பதைச் சற்று ஆராய்வோம்.

இப்படிப்பைத் தேறியவர் நோயாளிக்கு மருந்து எழுத இயலாது. பெயருக்கு முன் டாக்டர் என்று இட்டுக்கொள்ளவும் இயலாது. டாக்டர் என்னும் சொல்லின்பால் நம்மவர்க்குள்ள மயக்கத்தை நாம் அறிவோமாதலால் இதனை முதற்கண் சொல்லிவிடுகின்றோம். இது பொறியியல் படிப்பு. இதன் வேர் மின்னணுவியலில் இருக்கின்றது.

இதயம் துடிக்கும்போதெல்லாம் உடலில் ஒரு மின்னலை எழுகின்றது. மார்பின் தோலில் அதனை அளந்தால் ஏறத்தாழ 1 மில்லிவோல்ட்தான் தேறும். வீட்டுச் சுவரில் ஓடும் மின்சாரமோ 230 வோல்ட். நொடிக்கு 50 முறை அலைந்து, மனித உடலையே ஓர் ஏரியலாக்கித் தன் இரைச்சலை அதில் ஏற்றிவிடுகின்றது. அவ்விரைச்சலை ஒதுக்கி இதயத்தின் குரலை மட்டும் பெருக்கித் தாளில் வரைந்து காட்டுவதே ஈ.சி.ஜி. கருவியின் வேலை. இதற்கு வழிகண்ட ஹாலந்து நாட்டு ஐந்தோவன் 1924இல் நோபல் பரிசு பெற்றார். சுவீடன் நாட்டு எல்ம்க்விஸ்ட் என்பார் மருத்துவம் பயின்று பின்னர்க் கருவி அமைக்கும் தொழிலுக்கு வந்தவர். அவர் செய்த இதய இயக்கியை 1958இல் சென்னிங் என்னும் அறுவை மருத்துவர் ஆர்னே லார்சன் என்பவரின் உடலினுள் பொருத்தினார். முதற்கருவி சில மணி நேரமே உழைத்தது. ஆயினும் அடுத்தடுத்துச் செம்மையுற்ற கருவிகளின் துணையால் லார்சன் 2001ஆம் ஆண்டு வரை வாழ்ந்தார். இருவேறு கல்விகள் ஒருவர் தலையில் கூடியதனால் விளைந்த பயன் இது.

இத்தகைய கூட்டுக் கல்வியின் பயனைக் காண நாம் சுவீடன் வரை செல்ல வேண்டியதில்லை. நம் மானசகங்கோத்திரியிலேயே 1965இல் தோன்றிய அகில இந்தியப் பேச்சு, செவிப்புலன் நிறுவனம் இருக்கின்றது. காது கேளாக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தமிழ்நாட்டிலிருந்தும் தாய்மார் அங்கு வருகின்றனர். அந்நிறுவனத்தில் மின்னணுவியலுக்கென்றே தனித்துறை உண்டு. செவியினுள் பொருத்தும் ‘காக்ளியர்’ கருவியை எடுத்துக்கொள்வோம். காதின்மேல் அமைந்த சிறு ஒலிவாங்கி ஓசையைப் பற்றுகின்றது. ஒரு கணிப்பான் அதனைச் சுருதிவாரியாகப் பிரிக்கின்றது. தோலுக்கு வெளியேயுள்ள கம்பிச்சுருள் உள்ளேயுள்ள சுருளுக்குக் கம்பித் தொடர்பின்றியே அதனைக் கடத்துகின்றது. நத்தைக் கூடு போன்ற உட்செவியில் நுழைத்த மின்முனைகள் செவி நரம்பைத் தூண்டுகின்றன. ஒவ்வொரு முனைக்கும் எவ்வளவு மின்னோட்டம் என்று அந்தந்தக் குழந்தைக்குத் தனித்தனியே அளந்து வைத்தல் வேண்டும். குறைந்தால் குழந்தைக்குக் கேளாது. மிகுந்தால் அது துன்புறும். ‘அம்மா’ என்னும் ஒலியை ஒரு குழந்தை முதன்முதல் கேட்பது இந்தக் கணக்கைப் பொறுத்தது.

மின்சுற்று, கணிதம், சமிக்ஞை ஆய்வு ஆகியவற்றோடு உடற்கூறும் உடலியங்கியலும் பயில வேண்டுவது இதனாலேதான். பாதுகாப்பைப் பற்றிய பாடமும் உண்டு. இதயத்தை நேரே தொடும் கருவிப் பகுதியிலிருந்து, சாதாரண நிலையில் 10 மைக்ரோ ஆம்பியருக்கு மேல் மின்சாரம் கசியலாகாது என்பது உலக நாடுகள் ஏற்ற விதி. வானொலிப் பெட்டியிலோ தொலைக்காட்சியிலோ இத்தனை சிறிய அளவைப் பற்றி எவரும் கவலை கொள்வதில்லை.

நிற்க. இக்கல்வியை எங்குப் பெறுவது? மைசூரில் 1946இல் தோன்றிய தேசியப் பொறியியல் நிறுவனமும், 1963இல் தோன்றிய ஸ்ரீ ஜயசாமராஜேந்திரா பொறியியல் கல்லூரியும் மின்னணுவியலுக்குப் பெயர் பெற்றவை. இரண்டும் இணைந்த ‘மெடிக்கல் எலெக்ட்ரானிக்ஸ்’ என்னும் பட்டத்தை விரும்புவோர் பெங்களூர்க் கல்லூரிகளை நாட வேண்டும். சென்னை ஐ.ஐ.டி.யில் மருத்துவ அறிவியலுக்கும் தொழில்நுட்பத்திற்குமான தனித்துறை 2023இல் தொடங்கிற்று. மேற்படிப்பிலும் வழியுண்டு: சென்னை ஐ.ஐ.டி., வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி, திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் ஆகிய மூன்றும் கூடி, மருத்துவமனைப் பொறியியலில் எம்.டெக். பட்டக் கல்வியை நிறுவின. ‘கேட்’ தேர்விலும் 2020 முதல் இத்துறைக்குத் தனித்தாள் உண்டு.

நம் கருத்தை ஒளிக்காமல் கூறுகின்றோம். இளங்கலையில் மின்னணுவியலை உறுதியாகக் கற்பிக்காமல், பெயரில் மட்டும் மருத்துவத்தைத் தாங்கிய படிப்பில் பிள்ளையைச் சேர்ப்பதைவிட, நல்ல கல்லூரியில் மின்னணுவியல் பயின்று மேற்படிப்பில் மருத்துவக் கருவியியலுக்குத் திரும்புவது மேல். மின்னணுப் பொறியாளரை நாடும் வேலை விளம்பரங்கள் சிலவற்றில் தனி ‘பயோமெடிக்கல்’ பட்டம் ஏற்கப்படுவதில்லை. கூட்டுப் பட்டமாயின், மாணவரை எந்த மருத்துவமனைக்கு, எத்தனை வாரம் பயிற்சிக்கு அனுப்புகின்றனர் என்று பணம் கட்டுமுன் கேளுங்கள். கேட்பதில் நாணம் வேண்டா. பெண்பிள்ளைக்குப் பொருந்துமோ என்று தயங்குவோரும் உளர்; மில்லிவோல்ட்டை அளக்கும் கைக்கு ஆண், பெண் என்னும் வேற்றுமை ஏது?

புலம்பெயர்ந்த நமக்கே உரிய சங்கடம் ஒன்று எஞ்சுகின்றது. கருநாடக அரசின் இட ஒதுக்கீட்டிற்கு, முதல் வகுப்பு தொடங்கிக் குறைந்தது 7 கல்வியாண்டுகள் இம்மாநிலத்தில் பயின்று, 10ஆம் வகுப்பையோ 12ஆம் வகுப்பையோ இங்குத் தேறியிருத்தல் வேண்டும் என்பது பொதுவிதி. அண்மையில் குடியேறியோர் பிள்ளைகள் இதில் தடுக்கி விழுவர். அவர்கள் தமிழ்நாட்டுப் பொறியியல் சேர்க்கைக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் தாம் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர் என்பதற்கு இருப்பிடச் சான்றிதழ் காட்ட வேண்டும். தேர்வு முடிந்த பின் ஊருக்கு ஓடி அலைவதைவிட, தீபாவளிக்கோ பொங்கலுக்கோ சொந்த ஊர் செல்லும்போதே வட்டாட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பித்து வாங்கி வைத்துக்கொள்வது நலம்.