நீரிழிவும் நற்றுணையும்



புதுவையின் பெருமைகளைப் பேசிப் பழகிய நாம், பெருமை தராத செய்தி ஒன்றையும் அறிந்துகொள்ளல் வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடெங்கும் நடைபெற்ற பேராய்வு ஒன்றின் முடிவுகள் 2023-ஆம் ஆண்டில் வெளிவந்தன. இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவு உடையவர்கள் என்றும், புதுச்சேரியில் வளர்ந்தோருள் 100-க்கு 26.3 பேர் அந்நோயினர் என்றும் அவ்வாய்வு கூறிற்று. 26.4 என்ற கணக்குடன் கோவா முதலிடம் பெற, நாம் இரண்டாமிடம் பெற்றோம். நால்வருள் ஒருவர்! உங்கள் தாய், தந்தை, பாட்டன், பாட்டி ஆகிய நால்வரையும் எண்ணிப் பாருங்கள். இக்கணக்கின் பொருள் விளங்கும்.

நீரிழிவு என்பது யாது? உண்ட உணவு செரித்துச் சர்க்கரையாகி இரத்தத்தில் கலக்கிறது. அச்சர்க்கரை உடலின் உயிரணுக்களுள் புகுவதற்குக் கணையத்தில் சுரக்கும் இன்சுலினின் துணை வேண்டும். இரண்டாம் வகை நீரிழிவில் இன்சுலின் சுரப்பு அறவே நின்றுவிடுவதில்லை. அதன் ஏவலுக்கு உடல் செவ்வனே பணிவதில்லை. ஆண்டுகள் செல்லச் செல்லக் கணையமும் களைத்துப்போகிறது. இரத்தத்தில் தேங்கும் சர்க்கரை கண், சிறுநீரகம், நரம்பு, இதயம் ஆகியவற்றை மெல்ல மெல்லக் கெடுக்கிறது. தொடக்கத்தில் வலி ஒன்றும் தோன்றாமையால், பலர் நோயை நோயென்றே கருதுவதில்லை.

இந்நோயில் மருத்துவரின் பணி பெரிது. நோயாளியின் பணியோ அதனினும் பெரிது. இதனை நன்குணர்ந்தவர் பூஷார்தா என்னும் பிரெஞ்சு மருத்துவர். 1870-71-இல் பிரஷ்யப் படை பாரிஸ் நகரை முற்றுகையிட்டது. உணவுப் பஞ்சம் நேர்ந்த அந்நாளில், தம் நோயாளிகளின் சிறுநீரில் சர்க்கரை குறைந்துவிட்டதை அவர் கண்டார். உணவை அளவிடுக, உடலை உழைக்கவிடுக, சிறுநீரை நீங்களே சோதித்துக்கொள்க என்று நோயாளிகளுக்கு அவர் போதித்தார்.

எளிய கணக்கு ஒன்று போடுவோம். ஓர் ஆண்டுக்கு 8,760 மணி நேரம். ஒருவர் ஆண்டுக்கு ஆறு முறை மருத்துவரிடம் சென்று, முறைக்குக் கால் மணி நேரம் பேசினாலும், மொத்தம் ஒன்றரை மணி நேரமே ஆகிறது. எஞ்சிய நேரம் முழுவதும் அவர் அடுக்களையிலும் அலுவலகத்திலும் கலியாணப் பந்தியிலும் அல்லவா கழிக்கிறார்? அங்கே அவருக்குத் துணை யார்? இனிப்பு ஆகாது என்பதை அறியாதவர் எவருமிலர். குறைவது அறிவன்று, பழக்கமே. பழக்கத்தைத் தாங்கி நிற்கும் துணையே. மேலும், நோயை வெளியிற் சொல்ல நாணுவோர் பலர். சொல்லாதவர் பந்தியில் இலையிலிட்டதை மறுக்கவும் இயலாமல் தவிக்கின்றனர்.

இவ்விடத்தில், ஆசிரியர் தொழில் பழகிய எனக்குப் பழைய வரலாறு ஒன்று நினைவுக்கு வருகிறது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில், சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் பள்ளி ஒன்றை ஆண்ட்ரூ பெல் என்பவர் நடத்திவந்தார். நம் நாட்டுப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதி, ஒருவருக்கொருவர் கற்பிப்பதை அவர் கண்டார். அம்முறையைத் தம் பள்ளியிலும் கைக்கொண்டார். 1797-இல் அதனை நூலாக வெளியிட, ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயருடன் அஃது இங்கிலாந்திலும் பரவிற்று. நம் திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளை செய்த பணியே இது. அண்மையிற் கற்றவன், தான் இடறிய இடத்தை மறவாதவன்; ஆதலால் அடுத்தவனுக்கு அவ்விடத்தைச் சுட்டிக்காட்ட வல்லவன்.

நீரிழிவிலும் இவ்வுண்மை பொருந்தும். லண்டனில் 1934-இல் நீரிழிவுச் சங்கம் ஒன்று தோன்றிற்று. அதனை நிறுவிய இருவருள் ஒருவர் எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ்; மற்றவர் மருத்துவர் லாரன்ஸ். இருவருமே நீரிழிவு உடையவர்கள்!

நமக்கு அண்மையில் நிகழ்ந்த முயற்சியையும் காண்போம். குமரி மாவட்டத்தை ஒட்டிய கேரளத்து நெய்யாற்றின்கரை வட்டத்தில், நோய் வரும் வாய்ப்பு மிகுந்தும் இன்னும் வாராதிருந்த 1,007 பேரை ஓர் ஆய்வு தேர்ந்துகொண்டது. ஒரு பகுதியார் குழுக்களாகக் கூடினர். ஓராண்டில் நடந்த 15 கூட்டங்களுள் பெரும்பாலானவற்றை, பயிற்சி பெற்ற ஊர்மக்களே நடத்தினர். முடிவுகள் 2018-இல் வெளியாயின. இரண்டாண்டின் இறுதியில் குழுவினருள் 100-க்கு 14.9 பேருக்கும், மற்றவருள் 17.1 பேருக்கும் நீரிழிவு தோன்றியிருந்தது. இவ்வேறுபாடு தற்செயலாகவும் நேரக்கூடிய அளவினதே. ஆயினும், குழுவினரிடையே காய்கனி உண்ணல் மிகுந்தது, மதுப்பழக்கம் குறைந்தது. பழக்கம் மாறுவதன் பயன் சிறிதன்று. மருத்துவர் இராமச்சந்திரனும் அவர்தம் குழுவினரும் செய்து 2006-இல் வெளியிட்ட ஆய்வில், வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றோருள் மூன்றாண்டில் 100-க்கு 55 பேர் நீரிழிவுக்கு ஆளாயினர். உணவையும் உழைப்பையும் திருத்திக்கொண்டோருள் 39 பேரே ஆளாயினர்.

அத்தகைய குழுவை நம் தெருவிலும் அமைக்கலாம். பத்துப் பதினைந்து பேர் போதும். கோயில் மண்டபமோ பள்ளித் தாழ்வாரமோ போதும். பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை கூடித் தத்தம் சர்க்கரைக் கணக்கை ஒளிக்காமல் பேசலாம். சோற்றை விட்டுக் கேழ்வரகுக்கு மாறினேன் என்று ஒருவர் சொன்னால், களிக்கும் அளவுண்டு என்று அனுபவம் உடையவர் எடுத்துக்காட்டலாம். திடீரென வியர்வையும் நடுக்கமும் தோன்றினால் அது சர்க்கரை தாழ்ந்ததன் அறிகுறியாகலாம், உடனே சிறிது சர்க்கரை உட்கொள்ள வேண்டும் என்பதைக் கற்கலாம். நாள்தோறும் பாதத்தைப் பார்த்துக்கொள்ளும் பழக்கத்தையும் பழகலாம்.

எல்லை ஒன்று உண்டு. குழு மருத்துவருக்கு மாற்றன்று. அண்டை வீட்டார் சொற்கேட்டு மாத்திரையை நிறுத்துவதும், ஒருவருக்குத் தந்த மருந்தை மற்றொருவர் விழுங்குவதும் பெருந்தீங்கு. காலிற் புண் கண்டால் கூட்டத்துக்குச் செல்லற்க; மருத்துவமனைக்குச் செல்க.

இளைஞர்களே, இதில் உங்களுக்கும் பணி உண்டு. எழுத்தறியாப் பாட்டிக்குக் கணக்கேடு எழுதித் தாருங்கள். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனையின் நாளை நினைவூட்டுங்கள். குடும்பத்தில் இந்நோய் உடையோர் இருப்பின், உங்கள் உணவையும் விளையாட்டையும் இன்றே சீர்செய்யுங்கள். மாலையில் வண்டிகள் நுழையாத கடற்கரைச் சாலை நமக்கு வாய்த்திருக்கிறது. வீட்டுப் பெரியவர் ஒருவரை நாளை அங்கே நடக்க அழைத்துச் செல்லுங்கள். அவருடைய நண்பர் ஒருவரையும் உடன் அழையுங்கள். இருவர் சேர்ந்தால் குழு தொடங்கிவிட்டது.