எந்தப் பலகையை வாங்குவது?

'டேப்லெட்' என்றால் ஒரு காலத்தில் மருந்துக் கடையில் கிடைக்கும் மாத்திரை ஒன்றுதான். இன்று அதே பெயரில் கண்ணாடிப் பலகை ஒன்று கடைக்குக் கடை பளபளக்கிறது. மாத்திரைக்காவது டாக்டர் எழுதித் தரும் சீட்டு உண்டு. இந்தப் பலகைக்கு வியாபாரியின் வாய்ச்சொல்தான் சீட்டு! அவரைக் கேட்டால், "படிக்க, எழுத, படம் பார்க்க எல்லாவற்றுக்கும் இது ஒன்றே போதும், ஸார்" என்பார்.

போதுமா?

ஒரு நடுத்தரக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். வீட்டில் பெரியவர் ஓய்வு பெற்ற தமிழாசிரியர். கைபேசியின் சிறு திரையில் பழைய நூல்களைப் படித்துப் படித்து அவர் கண்ணில் நீர் வழிகிறது. மகள் வீட்டிலிருந்தபடியே மொழிபெயர்ப்பு செய்து நாலு காசு சம்பாதிக்கிறாள். பேரனுக்குப் பள்ளிக்கூடப் பாடம். பென்ஷனில் மிச்சம் பிடித்த பணத்தில் ஒரே ஒரு பலகைதான் வாங்க முடியும். யாருடைய தேவைக்கு வாங்குவது?

கண்ணுக்கு இதமான மின்தாள்

பலகைகளில் முக்கியமாக இரண்டு வகை உண்டு. ஒன்று, தானே ஒளி வீசும் திரை. மற்றொன்று மின்தாள். 1997-ல் அமெரிக்காவில் எம்.ஐ.டி.யைச் சேர்ந்தவர்கள் தொடங்கிய ஈ இங்க் கம்பெனி இதை உருவாக்கி வளர்த்தது. திரைக்குள்ளே மயிரிழைப் பருமனில் எண்ணற்ற குமிழ்கள். ஒவ்வொன்றிலும் வெள்ளைத் துகள், கறுப்புத் துகள். சிறிது மின்சாரம் பாய்ந்ததும் வேண்டிய நிறம் மேலே வந்து அப்படியே நின்றுவிடுகிறது. பெரும்பாலும் பக்கம் புரட்டும்போதுதான் மின்சாரச் செலவு. ஆகவே ஒரு முறை சார்ஜ் செய்தால் வாரக் கணக்கில் ஓடும். அச்சுத் தாளைப் போலவே வெளி வெளிச்சத்தில் தெரிவதால், வெயிலிலும் எழுத்து பளிச்சென்று இருக்கும். 2007-ல் அமேசான் வெளியிட்ட கிண்டில் இந்த வகையைச் சேர்ந்தது. 2016 முதல் தமிழ்ப் புத்தகங்களும் அதற்குக் கிடைக்கின்றன. சிறிய கருவியின் எடை சுமார் 200 கிராம்தான். படுத்துக்கொண்டே படிக்கலாம்.

அப்படியானால் பெரியவருக்கு இதுதானே சரி? அங்கேதான் ஒரு சிக்கல்!

பழைய புத்தகமும் புதிய திரையும்

1998-ல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் இலவசமாகக் கிடைக்கும் நூல்களில் பல, எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்தவை. எழுத்தை வேண்டிய அளவு பெரிதாக்கிக்கொள்ளலாம். ஆனால் பெரியவர் விரும்பும் பழம்பதிப்புகள் பெரும்பாலும் பக்கம் பக்கமாகப் படம் பிடித்தவை. படத்தைப் பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே ஓடிவிடும். டெமி அளவுப் புத்தகத்தின் பக்கம் சுமார் 14 சென்டிமீட்டர் அகலம், 21 சென்டிமீட்டர் உயரம். மூலைக்கு மூலை அளந்தால் ஏறக்குறைய 10 அங்குலம். திரையையும் மூலைக்கு மூலைதான் அளக்கிறார்கள். ஆகவே 6 அங்குல மின்தாளில் அந்தப் பக்கம் சுருங்கிப் பொடி எழுத்தாகிவிடும். பெரிய மின்தாள் பலகையும் உண்டு. விலைதான் கையைக் கடிக்கும். தவிர, அதில் பேரனின் பாடப்படம் சரளமாக ஓடாது.

விரலுக்குத் தேவை விசை

மகளின் சங்கடம் வேறு. திரையைக் குறுக்கே வைத்து எழுதினால், விசைகளின் படமே ஏறக்குறையப் பாதி இடத்தை அடைத்துக்கொள்ளும். விரலுக்கு விசை தட்டுப்படாததால், கண்ணை எடுக்காமல் பார்த்துத்தான் தட்ட வேண்டும். கடிதம் எழுதலாம், நாள் முழுவதும் வேலை செய்ய முடியாது. தனி விசைப்பலகை அவசியம். அதன் விலையையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும்.

1999-ல் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 முறையில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும், மெய்யெழுத்துகள் வலக்கைப் பக்கமும் அமைந்தவை. தட்டெழுத்து நிலையத்தில் பயின்றவர்களுக்குப் பழைய முறையே கைவரும். தமக்குப் பழகிய முறை அந்தப் பலகையில், அதுவும் வெளியே இணைத்த விசைப்பலகையில், வேலை செய்கிறதா என்று கடையிலேயே நாலு வரி அடித்துப் பார்ப்பது நல்லது.

அன்றாட உபயோகம்

2010-ல் ஆப்பிள் கம்பெனியின் ஐபேட் வந்த பிறகுதான் பலகைகள் வீடு வீடாகப் புகுந்தன. அதன் எடை 680 கிராம். இன்று அதே அளவுத் திரையுள்ளவை சுமார் அரைக் கிலோ. ஒரு கையில் வெகு நேரம் பிடித்தால் மணிக்கட்டு வலிக்கும். ஆகவே நிறுத்தி வைக்க ஒரு தாங்கி வேண்டும். 64 ஜிபி என்று பெட்டியில் போட்டிருந்தாலும், அதில் ஒரு பகுதியைக் கருவியின் சொந்த மென்பொருளே எடுத்துக்கொள்ளும். கூடுமானவரை 128 ஜிபி நல்லது. மென்பொருள் புதுப்பிப்பு எத்தனை ஆண்டுகளுக்கு வரும், பழுதுபார்க்கும் நிலையம் ஊரில் உண்டா என்பவற்றையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இத்தனையும் யோசித்தால், மேற்படி குடும்பத்துக்கு ஏற்றது 10 அல்லது 11 அங்குல ஒளித்திரைப் பலகையும் ஒரு விசைப்பலகையும்தான். பகலில் அது மகளின் சம்பாத்தியத்துக்கு, மாலையில் பேரனுக்கு, அதன் பிறகு பெரியவருக்கு. அவர் திரை வெளிச்சத்தை அறை வெளிச்சத்துக்குத் தக்கபடி குறைத்துக்கொண்டு, 20 நிமிஷத்துக்கு ஒரு முறை, 20 அடி தூரத்திலுள்ள பொருளை 20 விநாடி பார்த்தால் கண்ணுக்குச் சற்று ஓய்வு கிடைக்கும். நாவல் மட்டுமே படிக்கும் தனி மனிதருக்கோ, சிறிய மின்தாள் கருவியே போதும்.

"எவ்வளவு விலைக்குள் வேண்டும்?" என்றுதான் கடைக்காரர் முதலில் கேட்பார். அதற்குப் பதில் சொல்லுமுன், எதற்கு வேண்டும், யார் அதிக நேரம் வைத்திருப்பார்கள் என்று வீட்டிலேயே உட்கார்ந்து பேசி முடித்துவிட வேண்டும். பணமும் மிஞ்சும்; பிறகு வருத்தப்படவும் வேண்டியிராது.