ஏறும் வண்டி நிற்குமா?

மணாலியிலிருந்து சோலங் வழியாக அடல் சுரங்கப்பாதைக்குச் செல்லும் மலைச்சாலையில் வாகனங்கள் பனியில் சிக்கி நிற்கும் செய்தி குளிர்காலம்தோறும் வருகிறது. பனிப்பொழிவு நாள்களில் 'ஃபோர் வீல் டிரைவ்' எனப்படும் நான்கு சக்கர இயக்க வாகனமாக இருந்தால் மேலே செல்லக் காவல் துறையினர் அனுமதிப்பது வழக்கம். ஏற்றத்துக்கு அந்த ஏற்பாடு பொருந்தும். ஆபத்து இறக்கத்தில் இருக்கிறது.

என்ஜினின் ஆற்றல் நான்கு சக்கரங்களுக்கும் பகிரப்படுவதால் வழுக்கும் சாலையிலும் வண்டி எளிதாகப் புறப்படும். ஆனால், பிரேக் எல்லா கார்களிலும் நான்கு சக்கரங்களையும்தான் பிடிக்கிறது. வண்டி எங்கே நிற்கும் என்பதை டயருக்கும் தரைக்கும் இடையேயான உராய்வே தீர்மானிக்கிறது. உலர்ந்த சாலையில் உராய்வுக் கெழு ஏறத்தாழ 0.7; இறுகிய பனியில் 0.2, பளிங்குபோல உறைந்த பனிக்கட்டியில் 0.1. மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டி, பிரேக் பிடித்த பிறகு சமதளத்தில் நிற்க முறையே சுமார் 9, 31, 63 மீட்டர் தேவை. பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் தாழும் சரிவில், பனிக்கட்டியின் மீது அது நிற்கவே நிற்காது. எத்தனை லட்சம் கொடுத்து வாங்கிய வண்டியானாலும் இதுதான் கணக்கு.

எனவே, பிடிமானத்தைக் கூட்ட வேண்டிய இடம் டயர். சாதாரண டயரின் ரப்பர் ஏறத்தாழ 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறுகத் தொடங்குகிறது. குளிர்கால டயரின் ரப்பர் அப்போதும் மென்மையாக இருக்கும். அதிலுள்ள நுண்ணிய கீற்றுகள் பனியைக் கவ்வும். நம் சந்தையில் அத்தகைய டயர் அரிது என்பதால், சக்கரத்தில் பூட்டும் சங்கிலியே நடைமுறைத் தீர்வு. அதை நான்கு சக்கரங்களிலும் பூட்டுவதே நல்லது. முன்சக்கரங்களில் மட்டும் பூட்டினால் இறக்கத்தில் பின்பகுதி சறுக்கி, வண்டி சுழன்றுவிடக்கூடும். சுமார் 9 கி.மீ. நீளமுள்ள சுரங்கத்துக்குள் தளம் உலர்ந்திருந்தால், சங்கிலி டயரையும் சாலையையும் கெடுக்கும்; கழற்றித்தான் ஆக வேண்டும். அலுப்பான வேலைதான்.

இறங்கும்போது நான்கு சக்கர இயக்கம் ஒரு வகையில் கைகொடுக்கும். தாழ்ந்த கியரில் வைத்தால், என்ஜினின் இழுவை நான்கு சக்கரங்களுக்கும் பரவி வேகத்தைச் சீராகக் கட்டுப்படுத்தும். அதுவும் டயருக்குப் பிடி கிடைக்கும் வரைதான்.

சோதனைச் சாவடியில், வண்டியின் பின்புறம் பொறித்துள்ள 'ஃபோர் பை ஃபோர்' எழுத்துகளைப் பார்ப்பதோடு டயரின் தேய்மானத்தையும் சங்கிலி இருக்கிறதா என்பதையும் பார்த்து அனுப்ப, கூடுதலாக இரண்டு நிமிடம் போதும்.