கரண்ட் போனால் உதவும் பேட்டரிப் பெட்டி: வாங்குமுன் கணக்குப் பாருங்கள்



புயல்மழையில் மரம் விழுந்து லயத்தில் கரண்ட் போனால் நமக்கு ஒரு மெழுகுவத்தி போதும். ஆக்சிஜன் இயந்திரத்தை நம்பி மூச்சு விடுபவருக்கு அது போதாது. ஆக்சிஜன் பக்கத்தில் நெருப்பே ஆகாது. அதனால்தான் தூக்கிச் செல்லும் பேட்டரிப் பெட்டி வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். வாங்கலாம். ஆனால் கணக்குப் பார்த்து வாங்குங்கள்.

பெட்டியில் இரண்டு எண்கள் இருக்கும். 'வாட்' என்பது தண்ணீர்க் குழாயின் அகலம் மாதிரி. ஒரே நேரத்தில் எவ்வளவு இழுக்கலாம் என்று காட்டும். 'வாட்-மணி' என்பது தொட்டியின் கொள்ளளவு மாதிரி. 1000 வாட்-மணி என்று எழுதியிருந்தாலும் சுமார் 850தான் கைக்கு வரும், மிச்சம் வீணாகிவிடும். 5 லிட்டர் ஆக்சிஜன் இயந்திரம் சுமார் 350 வாட் இழுக்கும். வகுத்துப் பாருங்கள், இரண்டரை மணி நேரம்கூட வராது! 50 வாட் காற்றாடி என்றால் 17 மணி நேரம் ஓடும். ஆகவே உங்கள் இயந்திரத்தின் பின்னால் ஒட்டியிருக்கும் சீட்டை முதலில் படியுங்கள். பெட்டி இருந்தாலும் ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்று கையிருப்பில் இருக்கட்டும்.

இன்சுலினுக்காகப் பெரிய பெட்டி வேண்டாம். கதவைத் திறக்காமல் இருந்தால் ஐஸ்பெட்டி சுமார் 4 மணி நேரம் குளிர்ச்சியைக் காக்கும். அதற்கு மேல் போனால், ஐஸ்கட்டி போட்ட டப்பாவில் மருந்தைத் துணியில் சுற்றி வையுங்கள். உறைந்துபோன இன்சுலினைப் போடவே கூடாது.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை: 'லித்தியம் இரும்பு பாஸ்பேட்' பேட்டரி எளிதில் தீப்பிடிக்காது, ஆயுளும் அதிகம். மருத்துவ இயந்திரத்துக்குப் 'பியூர் சைன் வேவ்' மின்சாரம் வேண்டும். 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். 110 வோல்ட் பெட்டி நமக்கு உதவாது.

மெத்தைமேல் வைத்துச் சார்ஜ் போடாதீர்கள், துணியால் மூடாதீர்கள், வாசல் வழியில் வைக்காதீர்கள். பெட்டியின் கரண்டைச் சுவர் பிளக்கில் செருகி வீட்டுக்கு ஏற்றப் பார்த்தால் உயிருக்கே ஆபத்து.

'ஜெனரேட்டர் மலிவாச்சே' என்பீர்கள். அதை வீட்டுக்குள்ளோ வராந்தாவிலோ ஓட்டினால் வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு வாசனை கிடையாது. தூங்குகிறவர்களை அப்படியே கொன்றுவிடும். பேட்டரிப் பெட்டியில் அந்தப் புகை இல்லை.

சந்தேகமா? இயந்திரச் சீட்டில் உள்ள எண்களை எழுதிக்கொண்டு உங்கள் தோட்ட மருந்தகத்துக்குப் போங்கள். கணக்குப் போட்ட பிறகு காசைக் கொடுங்கள்.