ரம்மியும் இ-ஸ்போர்ட்ஸும் ஒண்ணா? சட்டம் சொல்வது என்ன?

“எப்பப் பாரு போன்ல கேம்!” வந்தவாசி முதல் சென்னை வரை பெற்றோர் புலம்புவது இதுதான். ஆனால் எல்லா கேமும் ஒன்றல்ல.

இது விளையாட்டுதானா?

ஆமாம். 2022 டிசம்பரில் இ-ஸ்போர்ட்ஸ், மத்திய விளையாட்டுத் துறை அமைச்சகத்தின் கீழ் வந்தது. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் இது வெறும் காட்சிப் போட்டி. அதில் இந்தியாவின் தீர்த் மேத்தா வெண்கலம் வென்றார். பதக்கப் பட்டியலில் அது சேரவில்லை. 2023-ல் நடந்த ஹாங்சோ போட்டியிலோ இதுவே பதக்கப் போட்டி. உடம்பு அசையாம என்ன விளையாட்டு என்கிறீர்களா? அதே ஹாங்சோவில் செஸ்ஸுக்கும் பதக்கம் உண்டு.

ரம்மிக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

2025 ஆன்லைன் கேமிங் சட்டப்படி, இ-ஸ்போர்ட்ஸில் வெற்றியைத் திறமை மட்டுமே தீர்மானிக்க வேண்டும். நுழைவுக் கட்டணம், பரிசுத்தொகை இருக்கலாம், பந்தயம் கூடாது. ஜெயித்தால் பணம் வரும் என்று காசு கட்டி ஆடினால் அது ‘பண விளையாட்டு’. திறமை ஆட்டம் என்று சொன்னாலும் தப்ப முடியாது. நடத்துவோருக்கு 3 ஆண்டு வரை சிறை, ரூ.1 கோடி வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம். ஆடுபவருக்குத் தண்டனை இல்லை.

பெற்றோர் என்ன செய்யலாம்?

“எவ்ளோ நேரம் ஆடுற?” என்பதோடு நிறுத்தாமல், “காசு கட்டினியா? எதுக்கு?” என்றும் கேளுங்கள்.